குரல் வரும்முன் எழுபது பார்

டிஜே வேலை பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது நியூ ஆர்டர் குழுவின் ‘ப்ளூ மண்டே’. மான்செஸ்டரின் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் 1983 மார்ச் மாதம் வெளியிட்ட 12 அங்குல இசைத்தட்டு. அக்கா மகன் தொழில் பழக வந்தபோதும் அதைத்தான் போட்டேன். ஹெட்போனைக் காதில் வைத்தபடி பொறுமையாக நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, “பாட்டு எப்ப மாமா ஆரம்பிக்கும்?” என்றான்.

“அது ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆச்சுடா. உன் காலைப் பாரு, நீயே தட்டிக்கிட்டிருக்க.”

அந்தத் தட்டில் குரல் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு சுமார் 130 அடி ஓடும் பாட்டு. நாலு அடிக்கு ஒரு பார் என்று எண்ணினால், பாடகர் வாய் திறப்பதற்குள் எழுபது பார் அளவு போய்விடும். வானொலிக்காரர்களுக்கு இது அநியாயமாகப் படும். எங்களுக்கோ அந்த எழுபது பார்தான் பிழைப்பு. அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டையும் பின்னால் வந்த அதன் ரீமிக்ஸ்களையும் நான் எந்த இடத்தில் நின்று பார்க்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கும்.

லண்டன் இரவு விடுதிகளில் நான் தட்டுப் போட ஆரம்பித்தது எண்பதுகளின் கடைசியில். ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும், தரையில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். அடுத்த தட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டு, வேகத்தைச் சரிப்படுத்தி, இதன் முதல் அடி அதன் முதல் அடியோடு சேரும்படி விரலை எடுக்க வேண்டும். நாங்கள் பழகிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் பிட்ச் ஸ்லைடர் 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் விடும். 130 அடிப் பாட்டை 120 பக்கம் வரை இறக்கலாம், 140 வரை ஏற்றலாம். ஆனால் தட்டின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கும். 6 சதவீதம் இறக்கினால் ஏறக்குறைய அரைச் சுரம் போய்விடும். இப்படிச் சுருதி மாறி நிற்கும் இரண்டு தட்டுகளின் மெட்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஆடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் மெட்டே இல்லாமல் தாளம் மட்டும் ஓடும் இடம் எங்களுக்கு வேண்டும். ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குள் இறங்க அதுதான் படித்துறை. 130 அடி வேகத்தில் 16 பார் என்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

‘ப்ளூ மண்டே’ தொடங்குவதே வெறும் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடிச் சத்தத்தில்தான். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வரும். நிதானமாகக் கலக்கலாம், கலந்த பிறகு ஆட்டத்தை உயர்த்த இன்னும் நேரம் மிச்சம் இருக்கும். பாட்டை எழுதியவர்கள் டிஜேக்களுக்காக இப்படி அமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மேடையில் ரசிகர்கள் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்பது அந்தக் குழுவுக்குப் பிடிக்காது. பொத்தானை அழுத்திவிட்டு இறங்கிப் போனாலும் இயந்திரம் தானே வாசிக்கட்டும் என்ற எண்ணத்தில் பிறந்த பாட்டு இது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். காரணம் எதுவானாலும், எங்கள் கைக்கு அளவெடுத்துத் தைத்ததாக அது வந்து சேர்ந்தது.

இன்னொரு வசதியும் இருந்தது. எழுபதுகளின் டிஸ்கோ தட்டுகளில் தாளம் வாசித்தவர்கள் மனிதர்கள். உற்சாகம் ஏற ஏற வேகமும் துளி ஏறும். இரண்டு தட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் அரை நிமிடத்தில் விலக ஆரம்பித்துவிடும். விரலால் தட்டைத் தள்ளியும் தடுத்தும் காப்பாற்ற வேண்டும். ‘ப்ளூ மண்டே’யின் தாளம் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷினில் செய்தது. முதல் நிமிடத்தில் பிடித்த வேகம் ஏழாவது நிமிடத்திலும் அப்படியே நிற்கும்.

ஆனால் சுலபமான தட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த கிக் நேரான அடிகளாகவே போவதில்லை. நடுவே பதினாறாம் பங்கு அடிகள் தடதடவென்று உருளும். அந்த உருளல்தான் பாட்டின் முத்திரை. கேட்ட மறுநொடி கூட்டத்தில் கைகள் உயரும். அதுவேதான் டிஜேயின் தேர்வும். நேரான அடிகளில் இரண்டு தட்டுகளும் மயிரிழை விலகியிருந்தால் காது மன்னிக்கும். உருளலில் மன்னிக்காது, ஒவ்வோர் அடியும் இரட்டித்துக் கேட்கும். என் காது சரியாகப் பழகியது அந்த உருளலில்தான்.

பழகும் பிள்ளைகளுக்கு நான் கறாராகச் சொல்வது இது: இந்தப் பாட்டில் மெட்டைக் கேட்டு அடியைச் சேர்க்காதே, கிக்கைக் கேட்டுச் சேர். ஏனென்றால் உள்ளே வரும் முதல் சிந்தசைசர் மெட்டு தாளத்தோடு ஒட்டி ஓடுவதில்லை, சற்றே நகர்ந்து ஓடுகிறது. குழுவின் ஜிலியன் கில்பர்ட்தான் சுரங்களை சீக்வென்சர் என்ற தானே வாசிக்கும் கருவியில் ஒவ்வொன்றாக ஏற்றியவர். முழுப் பாட்டின் வரிசையையும் தாள்களில் எழுதி, தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி ஸ்டுடியோ நீளத்துக்கு விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்ததாகவும், அதில் ஒரு சுரம் விட்டுப்போனதால் மெட்டு நகர்ந்துவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். திருத்தாமல் விட்டார்கள். அந்த நகர்வு இருப்பதால்தான் அத்தனை இயந்திரத்தனமான தாளத்துக்கு மேல் ஏதோ ஒன்று நிலைகொள்ளாமல் தவிப்பதுபோல் இருக்கிறது. இந்தப் பாட்டில் கைவைக்கும் ரீமிக்ஸ்காரர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த நகர்வைத்தான் என்பது என் உறுதியான கருத்து. அதை இழுத்து நேராக்கினால் சுத்தமாக இருக்கும், ஆனால் பாட்டு போய்விடும்.

அந்தக் காலத்து வேலையின் கடினத்தை இன்றைக்கு மடிக்கணினியில் பாட்டு செய்கிறவர்களுக்குப் புரியவைப்பது சிரமம். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழியான மிடி வெளியுலகுக்கு வந்ததே 1983இல்தான். இவர்கள் லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்தது அதற்கு முந்தைய ஆண்டு. குழுவின் பெர்னார்ட் சம்னர் பாகங்களாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய பவர்டிரான் சீக்வென்சர், மூக் சோர்ஸ் சிந்தசைசர், ஓபர்ஹைம் டிரம் மெஷின் என்று ஆளுக்கொரு திசையில் இழுக்கும் பெட்டிகளை ஒரே வேகத்தில் ஓட வைக்கத் தனியாக ஒரு மின்சுற்றே செய்ய வேண்டியிருந்தது. குழுவின் டிரம்மர் ஸ்டீபன் மாரிஸ் டிரம் மெஷினில் ஏற்றி முடித்த தாளம் ஒருமுறை மின் இணைப்பு விலகி அழிந்துபோக, நினைவிலிருந்து மறுபடி செய்ததாகவும் சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவே பீட்டர் ஹுக் பாஸ் கிடாரை மேல் ஸ்தாயியில் கையால் வாசித்திருக்கிறார். இயந்திரங்களின் வரிசைக்கு மேல் அந்த ஒரு மனிதக் கை நுழையும் இடம் வரும்போதெல்லாம் நான் இன்றும் ஒலியைக் கொஞ்சம் கூட்டுவேன்.

இதில் கடன் வாங்கியது நிறைய. தாளத்துக்கு டோனா சம்மரின் ஒரு பாட்டு, பாஸ்லைனுக்கு சில்வெஸ்டர், கோர்வைக்கு இத்தாலியின் க்ளைன் அண்ட் எம்.பி.ஓ. என்று அவர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஹுக்கின் பாஸுக்கு மோரிக்கோனேயின் திரையிசை. பாட்டில் கேட்கும் சேர்ந்திசைக் குரல் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 1975இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து இமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் எடுத்தது. அதாவது இது பிறக்கும்போதே பாதி ரீமிக்ஸ். பிடித்த தட்டுகளிலிருந்து தாளத்தையும் நடையையும் பிரித்தெடுத்து, வேறு அடித்தளத்தில் வைத்துக் கட்டுவதுதானே எங்கள் வேலையும்? 1980 மே மாதம் பாடகர் இயன் கர்டிஸ் இறந்தபின் ஜாய் டிவிஷனில் மிஞ்சிய மூவரும் கில்பர்ட்டும் சேர்ந்த குழு இது. மான்செஸ்டரின் துக்கத்திலிருந்து வந்தவர்கள் நியூயார்க் நடன விடுதிகளில் இரவெல்லாம் கேட்ட சத்தத்தை ஊருக்கு எடுத்துப் போனார்கள்.

உறையைப் பற்றியும் ஒன்று. பீட்டர் சாவில் அதைக் கணினி ஃபிளாப்பி டிஸ்க் மாதிரி வடிவமைத்தார். குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ முகப்பில் கிடையாது. ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும். உறையில் வெட்டிய துளைகள் வழியே உள்ளுறையின் வெள்ளி மினுங்கும். அச்சிட்ட செலவால் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் நிறுவனத்துக்கு நஷ்டம் என்ற கதை ஊரறிந்தது. எத்தனை பென்ஸ் என்பதில் மட்டும் ஆளுக்கொரு கணக்கு. இருட்டில் தட்டுப் பெட்டியைத் துழாவும் எனக்கு அந்த உறை பெரிய உதவி. எழுத்தே படிக்க வேண்டாம், விரல் துளையில் பட்டால் தெரிந்துவிடும். மற்ற உறைகளில் எல்லாம் வேகத்தை எழுதி ஸ்டிக்கர் ஒட்டுவேன். அதில் மட்டும் ஒட்ட மனம் வரவில்லை.

தட்டின் மறுபக்கம் ‘தி பீச்’. ரீமிக்ஸ் பற்றிப் பேச வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதே பாட்டு, ஆனால் பாட்டு இல்லை. வரிகளை அகற்றிவிட்டு, தாளத்தையும் சிந்தசைசர்களையும் எதிரொலியில் நனைத்து, எதை எப்போது ஒலிக்க விடுவது, எதை அறுத்துவிடுவது என்று மிக்சரிலேயே வாசித்தது. இந்த வித்தையின் வேர் ஜமைக்காவில். கிங் டப்பி போன்றவர்கள் எழுபதுகளிலேயே ரெக்கே பாடல்களிலிருந்து குரலை எடுத்துவிட்டு, பாஸையும் டிரம்மையும் முன்னால் நிறுத்தி டப் செய்தார்கள். நியூயார்க்கில் டாம் மோல்டன் டிஸ்கோ பாடல்களை ஆடுகிறவர்களுக்காக நீட்டிக் கொடுத்தார். நீண்ட பாட்டுக்கும் கனமான பாஸுக்கும் அகலமான வரிப்பள்ளம் வேண்டும் என்பதால் 12 அங்குல சிங்கிள் வழக்கத்துக்கு வந்தது. ‘தி பீச்’ இந்த இரண்டு பரம்பரைகளுக்கும் பிள்ளை.

அதை முழுமையாகப் பயன்படுத்த ஒரே தட்டின் இரண்டு பிரதிகள் வேண்டும். ஒரு மேசையில் முன்பக்கம், இன்னொன்றில் மறுபக்கம். இரண்டுக்கும் தாளம் ஒன்று என்பதால் சேர்த்துவிட்டால் பிரியாது. குரல் வரும் நேரம் பார்த்து மறுபக்கத்துக்கு மாறி, கூட்டத்தைக் காக்க வைத்து, உருளல் வரும்போது முன்பக்கத்துக்குத் திரும்பினால் பதினைந்து நிமிடம் வரை ஆட்டம் குறையாது. நான் இரண்டாவது பிரதி வாங்கியது இதற்காகத்தான். சேகரிப்பு ஆசையால் அல்ல.

அதே 1983இல் நியூ ஆர்டர் குழுவினர் நியூயார்க்கின் ஆர்தர் பேக்கரோடு சேர்ந்து ‘கன்ஃப்யூஷன்’ செய்தார்கள். அதன் வீடியோவில் பேக்கர் டேப்பை எடுத்துக்கொண்டு ஃபன்ஹவுஸ் விடுதிக்குப் போய் டிஜே ஜெல்லிபீன் பெனிடெஸிடம் கொடுப்பார். பாட்டு அங்கேயே, ஆடுகிறவர்கள் நடுவிலேயே சோதனைக்கு வரும். நாடகத்துக்காக எடுத்த காட்சி அல்ல அது, தொழிலில் நடப்பது அப்படித்தான். நானும் செய்த ரீமிக்ஸை நிறுவனத்துக்கு அனுப்பும் முன் ஓர் இரவாவது விடுதியில் போட்டுப் பார்ப்பேன். ஸ்டுடியோவில் நன்றாக இருந்த பிரேக்டவுன் (தாளம் அடங்கும் இடம்), தரையில் எட்டு பார் அதிகமாகப் படும். ஆட்கள் பானம் வாங்கப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து அந்த எட்டு பாரை எடுத்துவிடுவேன்.

‘ப்ளூ மண்டே’க்கு அதிகாரபூர்வமான பெரிய ரீமிக்ஸ் 1988இல் வந்தது. அமெரிக்காவில் இவர்கள் பாட்டை வெளியிட்ட க்வெஸ்ட் நிறுவனத்தின் உரிமையாளர் குவின்சி ஜோன்ஸே ஜான் பொட்டோக்கருடன் சேர்ந்து செய்தது. மைக்கேல் ஜாக்சனின் ஆல்பங்களைத் தயாரித்த கை. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. 1983இன் மூலப் பதிப்பு வசந்தத்தில் 12ஆம் இடம், விழுந்து மறுபடி ஏறி அக்டோபரில் 9ஆம் இடம் என்பதோடு நின்றிருந்தது. இம்முறை 7 அங்குலத் தட்டும் வந்தது, நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். வானொலிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கைத்திறனில் குறை சொல்ல முடியாத வேலை. ஒவ்வொரு சத்தமும் பளிச்சென்று தனித்து நிற்கும், இடையிடையே வெட்டித் தெறிக்கும் துணுக்குகள் வேறு. ஆனாலும் என் தீர்ப்பு மாறவில்லை: அது காலியிடத்துக்குப் பயந்த ரீமிக்ஸ். மூலத்தில் ஒரு சத்தம் வந்தால் அடுத்தது வரும்வரை அதோடு நாம் தனியாக இருக்க வேண்டும். அந்தத் தனிமைதான் பாட்டின் பொருளே. 1988இல் ஒவ்வொரு இடைவெளியிலும் ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. நான் விடுதியில் இரண்டையும் போட்டிருக்கிறேன். புதியதற்கு ஆட்கள் சட்டென்று ஓடி வருவார்கள். பழையதில் வந்தவர்கள் போகமாட்டார்கள்.

1995இல் ஜெர்மனியின் ஹார்ட்ஃப்ளோர் இரட்டையர் செய்தது வேறு வகை. அவர்களுடைய ஆயுதம் ரோலண்ட் டிபி-303. கிடார் வாசிப்பவருக்குத் துணையாக பாஸ் வாசிக்கட்டும் என்று ஜப்பானில் செய்து, விலைபோகாமல் நிறுத்தப்பட்டு, பிறகு சிகாகோ இளைஞர்கள் குறைந்த விலைக்கு வாங்கித் திருகியதில் ஆசிட் ஹவுஸ் என்ற இசையே பிறந்த சின்ன வெள்ளிப் பெட்டி. அதன் நெளியும் குரலை அடுக்கடுக்காக ஏற்றி, மூலத்தின் மெட்டை ஆங்காங்கே மட்டும் எட்டிப் பார்க்க விட்டார்கள். பிரிட்டனில் 17ஆம் இடம். மூலத்தின் ரசிகர்கள் சிலருக்கு அது பிடிக்கவே இல்லை. எனக்குப் பிடித்தது. குவின்சி ஜோன்ஸ் அதே வீட்டுக்கு வர்ணம் பூசினார் என்றால், இவர்கள் தங்கள் காலத்துத் தரைக்கு, தங்கள் கருவியில் புதிதாக ஒன்று செய்தார்கள். ஆடும் உடம்பு மாறியிருந்தது. 1995இல் ஆடியவர்கள் குரலுக்காகக் காத்திருக்கவில்லை.

வெளியாள் கை பட்டதால் நியூ ஆர்டர் பாட்டு மேலும் உயர்ந்தது என்றால் என் கணக்கில் அது 1986இன் ‘பிசார் லவ் ட்ரையாங்கிள்’. நியூயார்க்கின் ஷெப் பெட்டிபோன் செய்த 12 அங்குல ரீமிக்ஸ். அந்தப் பாட்டு மூலத்திலேயே நெருக்கமாகப் பின்னியது. பெட்டிபோன் பின்னலைத் தளர்த்தி மூச்சு விட இடம் கொடுத்தார். ‘ப்ளூ மண்டே’யில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. பின்னால் வந்தவர்களின் கஷ்டம் அதுதான்.

தொண்ணூறுகளில் நானே சின்ன நிறுவனங்களுக்கு ரீமிக்ஸ் செய்ய ஆரம்பித்தபோது இந்தத் தட்டு என் மேசையில் இருந்தது. பாட்டின் தடங்கள் தனித்தனியாக டேப்பில் வரும். கூடவே ஒரு தொகையும் ஒரு தேதியும் வரும். பெரும்பாலும் ஒரே தொகை, பாட்டு எவ்வளவு விற்றாலும் அவ்வளவுதான். முதலில் எல்லாத் தடங்களையும் மௌனமாக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து கேட்பேன். தனியாக ஒலித்தாலும் இன்ன பாட்டு என்று அடையாளம் காட்டும் தடம் ஒன்று எல்லாப் பாட்டிலும் இருக்கும். பெரும்பாலும் அது குரலாக இருக்காது. ஒரு பாஸ்லைனாகவோ, கொஞ்சம் தள்ளி விழும் ஒரு ஷேக்கராகவோ இருக்கும். அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கலைப்பேன்.

ஒருமுறை நான் செய்து கொடுத்த ரீமிக்ஸின் முதல் 32 பாரை வெட்டிவிட்டு வெளியிட்டது ஒரு நிறுவனம். குரல் சீக்கிரம் வர வேண்டுமாம். அந்தத் தட்டை எந்த டிஜேயும் வாங்கவில்லை, வாங்கியவர்களாலும் கலக்க முடியவில்லை. இப்போது அந்த அவசரம் எங்கும் பரவிவிட்டது. முதல் அரை நிமிடத்துக்குள் கேட்பவரைப் பிடிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குத் தாண்டிவிடுவார் என்று, முன்னிசையே இல்லாமல் பாட்டு செய்யச் சொல்கிறார்கள். பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்று, உலகிலேயே மிக அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் என்று பெயர் எடுத்தது, இரண்டு நிமிடம் குரலே இல்லாத ஒரு பாட்டு என்பதை அவர்களிடம் நான் சொல்லாத கூட்டம் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சுருக்கிய பதிப்பைக் கேட்காதீர்கள். 1983இன் ஏழரை நிமிடப் பதிப்பை, பாஸ் நன்றாகக் கேட்கும் ஒலிபெருக்கியில், நின்றுகொண்டு கேளுங்கள். பார் எண்ணுங்கள், எந்தப் பாரில் எது உள்ளே வருகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘தி பீச்’சைக் கேட்டு, எதை எடுத்திருக்கிறார்கள் என்று அந்தத் தாளிலேயே அடியுங்கள். 1988ஐயும் 1995ஐயும் அதற்கப்புறம் கேட்டால் போதும்.